பாஸ், ஆல்டர், ரிஜெக்ட்: 62 சென்ட்டின் கணக்கு

கணக்கு நோட்டின் முதல் வரி இது: "17.6.2020, தார்ப்பாய் 1, ரூ. 1,150." அதற்கு எதிரே பச்சை மையில் 'பாஸ்' என்று எழுதியிருக்கிறேன். அது ஒரு வருஷம் கழித்து எழுதியது.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷம் செக்கிங்கில் இருந்தவள் நான். மேசையில் பீஸை விரித்து, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்லது பாஸ். பிரித்துத் தைத்தால் சரியாகும் என்றால் ஆல்டர். எதற்கும் ஆகாது என்றால் ரிஜெக்ட். ஊருக்கு வந்த பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. முதல் வருஷம் முடிந்ததும் ஒரு நாள் செலவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் செக்கிங் போட்டேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

எழுதக் காரணம், என்னோடு ஒரே மேசையில் நின்ற பெண். போன வாரம் போன் பண்ணினாள். "அக்கா, சீட்டு எடுத்து, பிஎஃப் போட்டா ஒன்றரை லட்சம் தேறும். உங்கள மாதிரி ஊருக்குப் போயி தோட்டம் போட்டுப் பொழைச்சுக்கலாமாக்கா?" என்றாள். நாங்கள் வந்தபோது கையில் இருந்ததும் அதே ஒன்றரை லட்சம்தான். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'ஒரு லட்சத்தில் தற்சார்பு வாழ்க்கை' என்று யூடியூபில் போடுகிறவர்கள் பலர் இதை வீடியோவின் கடைசியில்தான் சொல்வார்கள், சில பேர் சொல்லவே மாட்டார்கள். நிலம் நாங்கள் வாங்கியது இல்லை. அப்பாவுக்குப் பாட்டன் வழியில் வந்த 1 ஏக்கர் 86 சென்ட் புன்செய், புதுக்கோட்டை மாவட்டத்தில் அரிமளம் பக்கம். அண்ணன், நான், தம்பி என்று மூன்று பேர். ஆளுக்கு 62 சென்ட். தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்திப் பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது எனக்குப் பதினோரு வயது. சட்டம் இருந்தாலும் கேட்டு வாங்குகிற தைரியம் எனக்கு நாற்பது தாண்டித்தான் வந்தது. அண்ணன் முகத்தைச் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த நிலத்தில் இருபது வருஷமாக யாரும் ஏர் பூட்டவில்லை, சீமைக்கருவேலம் தவிர எதுவும் இல்லை என்பதும் அவர் மனசு இளகியதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆகவே தங்கச்சி, உனக்கு நிலம் இல்லை என்றால் என் கணக்கு உனக்குப் பொருந்தாது. நிலத்தையும் இந்தக் காசிலேயே வாங்க நினைத்தால் பத்திரச் செலவோடு கை காலியாகிவிடும், வீடும் தண்ணீரும் கடனில்தான் ஆகும். குத்தகைக்கு எடுத்துப் பார்க்கலாம். அது வேறு கதை.

ஒன்றரை லட்சம் எப்படி வந்தது என்றால், என் பிஎஃப் 62,000, சீட்டு 50,000, வீட்டு அட்வான்ஸ் திரும்பி வந்தது 20,000, ஓவர்லாக் மெஷின் விற்றது 18,000. ஊசி மெஷினை, அதாவது துணி தைக்கிற மெஷினை, விற்கவில்லை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். இது போக ட்யூ முடிந்த பழைய குட்டியானை வண்டி ஒன்று. எங்கள் வீட்டுக்காரர் அதில்தான் கம்பெனிகளுக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தார். இ-பாஸ் வாங்கி, சட்டி பானை, மெஷின், ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள், இரண்டு மூட்டை கட்டிங் வேஸ்ட், எல்லாவற்றையும் அந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். "பனியன் துணிக் கழிவு எதுக்குடி ஊருக்கு?" என்று அவர் கேட்டார். ஏன் ஏற்றினேன் என்று எனக்கே தெரியாது. சும்மா கிடைக்கிறதே என்று ஏற்றினேன்.

பாகப்பிரிவினைப் பத்திரம், எழுத்தர் கூலி, பட்டா உட்பிரிவு, அளவை, அலைச்சல் எல்லாம் சேர்த்து 14,500. கசந்தாலும் பாஸ். நாலு மூலையிலும் கல் ஊன்றாமல் உள்ளே ஒரு செடி வைக்காதே.

அடுத்து கருவேலம். அந்த 62 சென்ட்டுக்குள் ஆள் நுழைய முடியாது. ஜேசிபிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "பதினஞ்சு மணி நேரம் ஓடும், மணிக்கு ஆயிரம்" என்றார். நான் தலையாட்டப் போனேன். பக்கத்துக் காட்டில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அப்பத்தா ஒருத்தி (சொந்தம் இல்லை, எங்கள் ஊரில் வயசானவர்கள் எல்லாருமே அப்பத்தாதான்) கம்பை ஊன்றிக்கொண்டு வந்து நின்றது. "ஏன் ஆயி, காசு குடுத்தா முள்ளு வெட்டுவ? கரி போடுறவன்கிட்டச் சொன்னா அவன்ல உனக்குக் காசு குடுப்பான்?"

அப்படித்தான் ஆயிற்று. கரிமூட்டம் போடுகிறவர் ஒருவர் குடும்பத்தோடு வந்து எங்கள் நிலத்திலேயே குடிசை போட்டுத் தங்கினார். பேரம் பேசியது அப்பத்தாதான். மேல்மரத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போனால் அடுத்த மழைக்கு அடித்தூரிலிருந்து நாலு கிளையாகத் துளிர்த்து வரும். தூரைத் தோண்டி எடுத்தால்தான் சாகும். கரிக்காரருக்கும் தூர்க்கட்டை நல்லது, கரி கனமாக நிற்கும். "ஒரு தூரு நிக்கக் கூடாது. நின்னா நாலாயிரம் இல்ல, எட்டாயிரம்" என்று அப்பத்தா சொல்லிவிட்டது. மூன்று வாரத்தில் நிலம் வெளுத்தது. கையில் 4,000 ரூபாய் வந்தது. மீதி சமன்படுத்த ஜேசிபி 3 மணி நேரம், 3,000. முள்கிளைகளையே சுற்றி அடுக்கி வேலியாக்கினோம். ஒரு வருஷத்தில் கரையான் தின்றுவிடும் என்றாலும், அதற்குள் ஊர்க்காரர்களிடம் ஒடித்து வாங்கிய கிளுவைப் போத்துகளை ஊன்றி, உள்வரிசையில் ஆடு வாய் வைக்காத ஆடாதோடையும் நொச்சியும் வைத்துவிட்டோம்.

மூட்டம் போட்ட இடத்தில் மண் செங்கல் மாதிரி வெந்து கிடந்தது. ஒரு பட்டத்துக்கு அங்கே புல்கூட முளைக்கவில்லை. விற்க முடியாத கரித்தூள் பதினாலு சாக்கு விட்டுவிட்டுப் போயிருந்தார். அதை ஆட்டுப் புழுக்கையோடு கலந்து போட்டு வைத்தேன். இரண்டாம் வருஷம் அந்த இடத்தில் காய்த்த பூசணி மாதிரி வேறெங்கும் காய்க்கவில்லை. இதையே பயோசார் என்று பேர் வைத்துக் கிலோக் கணக்கில் விற்கிறார்களாம். எங்களுக்குக் கரிக்காரர் கொடுத்த சீர்.

சரி, இப்போது ரிஜெக்ட் பெட்டிக்கு வருகிறேன்.

ஆகஸ்டில் கோழிக்குஞ்சு வாங்கினோம். இன்குபேட்டரில் பொரித்த நூறு குஞ்சு, ஒன்று 38 ரூபாய். தீவனம் இரண்டு மூட்டை 3,400. வலை, பல்பு, தண்ணி டப்பா 2,600. மொத்தம் 9,800. ஆறு மாதத்தில் ஒரு சேவல் 400 ரூபாய் என்று வைத்தால்கூட எவ்வளவு என்று நானும் அவரும் ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. மகள் அதைப் படித்துப் படித்துச் சிரிப்பாள். ஐந்தாவது வாரத்தில் ஒரு குஞ்சு கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றியது. மறுநாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தது. வெள்ளைக்கழிச்சல். ஒன்பது நாளில் எண்பத்தேழு. மிச்சத்தை நாயும் கீரியும் பார்த்துக்கொண்டன. கால்நடை மருந்தகத்தில் சனிக்கிழமை கோழிக்கு ஊசி போடுகிறார்கள் என்பது எண்பத்தேழையும் புதைத்த பிறகுதான் தெரிந்தது. குஞ்சு விற்றவர் "எல்லாம் போட்டாச்சு" என்றார். நாங்களும் கேட்டு விட்டுவிட்டோம்.

அதற்கப்புறம் ஒரு குஞ்சுகூடக் காசு கொடுத்து வாங்கவில்லை. அப்பத்தா மூன்று பெட்டைக்கோழியை வாரத்துக்குக் கொடுத்தது. வாரம் என்றால் தெரியும்தானே? வளர்ப்பது நாம், வருகிறதில் பாதி அவர்களுக்கு. நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் தானே அடையில் உட்காரும். இருபத்தோரு நாளில் பொரித்துவிட்டுத் தானே கூட்டிக்கொண்டு திரியும். பருந்து வந்தால் ஒரு குரல் கொடுக்கும், குஞ்சு அத்தனையும் சிறகுக்குள். பல்பு வேண்டாம், மூட்டைத் தீவனம் வேண்டாம். கரையான் புற்றைக் கொத்திப் போட்டால் போதும். இப்போது இருபது உருப்படிக்குக் குறையாமல் நிற்கிறது. அந்த 2,600 ரூபாய் வலை மட்டும் வீணாகவில்லை, கீரைப்பாத்தியைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். ஆகவே அது ஆல்டர்.

இரண்டாவது ரிஜெக்ட் சொட்டுநீர்க் குழாய், 5,200. டிரம்மை மேடையில் ஏற்றிவைத்தால் தானாகச் சொட்டும் என்றார்கள். முதல் மாதம் சொட்டியது. அப்புறம் தண்ணீரில் இருந்த தூசி அடைத்தது. கோடையில் அணிலும் எலியும் தண்ணீர்த் தாகத்துக்குக் குழாயைக் கடித்துத் துண்டு துண்டாக்கின. மூன்றாவது, ஒட்டு மாங்கன்று, கொய்யா, சப்போட்டா என்று 40 கன்று, ஒன்று 120 ரூபாய். மார்கழியில் ஈரம் காயாமல் இருந்தபோது நட்டோம். சித்திரை முடிவதற்குள் 31 கன்று சுள்ளியாகிவிட்டது. 3,720 ரூபாய்ச் சுள்ளி.

இந்தக் கன்றுகள் செத்ததற்குக் காரணம் தண்ணீர். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் எல்லாக் கதையும் தண்ணீரில் போய்த்தான் முட்டும். செம்மண், அதற்குக் கீழே செம்பூராங்கல். சுற்றிலும் தைலமரக் காடு. பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். போர் போடலாமா என்று விசாரித்தோம். 700 அடிக்குக் குறையாது, வந்தால் வரும், வராமலும் போகும். அடிக்கூலி, கேசிங் குழாய், மோட்டார் என்று கணக்குப் போட்டால் எங்கள் ஒன்றரை லட்சமும் அந்தக் குழிக்குள் போயிருக்கும். போர் வேண்டாம் என்று அன்று முடிவு செய்தது அவர்தான். நான் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. இப்போது நோட்டைப் பார்த்தால், அந்த வருஷம் நாங்கள் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரிதான் எங்களைப் பிழைக்க வைத்திருக்கிறது.

பக்கத்து நிலத்துப் பெரியப்பாவிடம் போர் இருக்கிறது. அவர் கடலை மூட்டையை எங்கள் வண்டி வாடகை இல்லாமல் புதுக்கோட்டைக்கு ஏற்றிப் போகும். பதிலுக்கு வாரம் இரண்டு மணி நேரம் தண்ணீர். அதை எங்கே தேக்குவது? இருபதடி நீளம், பதினைந்தடி அகலம், ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குட்டை தோண்டினோம். ஆள் விடவில்லை. புரட்டாசி முழுக்க விடியற்காலையில் நாங்கள் இருவரும் தோண்டியது. 1,500 கன அடி, கிட்டத்தட்ட 42,000 லிட்டர் என்று மகள் போன் கால்குலேட்டரில் போட்டுச் சொன்னபோது பெருமையாக இருந்தது. நிவர், புரெவி என்று அந்த வருஷம் அடுத்தடுத்துப் புயல் மழை. குட்டை தளும்பியது. நாங்கள் மூன்று பேரும் கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் அடியில் முழங்கால் தண்ணீர். ஆறாம் நாள் தவளை மட்டும் இருந்தது. செம்மண் அத்தனையையும் குடித்துவிட்டது.

ஆல்டர் என்று எழுதினேன். தார்ப்பாய் விரிக்கலாம் என்றார்கள், விலை கேட்டுவிட்டு வந்துவிட்டோம். பெரியப்பா தன் வயலுக்குக் கண்மாய் வண்டல் அடித்தபோது, லோடுக்கு 600 ரூபாய் டிராக்டர் வாடகை கொடுத்து மூன்று லோடு குட்டைக்குள் கொட்டிப் பரப்பினோம். பங்குனியில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறி ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர்ப் பக்கம் போவார்கள். ஒரு கீதாரியிடம் கெஞ்சி, வண்டலை நனைத்துவிட்டு, குட்டைக்குள்ளேயே இரண்டு ராத்திரி ஆடுகளை மடக்கிக் கிடை போட வைத்தேன். அவர் வாழ்நாளில் குழிக்குள் கிடை போட்டதில்லை என்றார். இருநூறு ஆடு, எண்ணூறு கால். மிதித்து மிதித்து, புழுக்கையும் மூத்திரமும் களியும் கலந்து, அடி தோசைக்கல் மாதிரி இறுகிவிட்டது. இரண்டு ராத்திரிக்கு ஆயிரம் ரூபாயும் ஒரு வேளைச் சாப்பாடும். அந்த வருஷ மழைத் தண்ணீர் தை கடைசி வரை நின்றது.

வண்டல் மண்ணுக்குக் காசு கிடையாது, லோடு வாடகை மட்டும்தான் என்பது பல பேருக்குத் தெரியவில்லை. 2024-லிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கொடுக்கிறார்கள். புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம், நன்செய்க்கு 75. பட்டா நகல் வேண்டும். பத்திரச் செலவு 14,500-க்கு 'பாஸ்' போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

செத்துப்போன கன்றுகளின் குழியில் மறுபடி கன்று வைத்தது 2021 ஆனியில். இந்த முறை கன்றெல்லாம் நாங்களே முளைக்க வைத்தது: விதை போட்டு புளி, நெல்லி, சீத்தா, போத்து ஊன்றி முருங்கை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மண்பானையைக் கழுத்து வரை புதைத்தேன். வேளாரிடம் போய், சுள்ளையில் கீறல் விட்ட பானை இருக்கிறதா என்று கேட்டபோது அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். திருப்பூர்க்காரிக்கு செகண்ட்ஸ் மாலின் அருமை தெரியாதா? அறுபது பானை, ஒன்று 15 ரூபாய். கட்டிங் வேஸ்ட் மூட்டையை அன்றைக்குத்தான் அவிழ்த்தேன். துணியை நீளமாகக் கிழித்து, முறுக்கி, பானைக் கீறல் வழியாகத் திரி மாதிரி விட்டு, மறுமுனையை வேர்ப்பக்கம் புதைத்தேன். மேலே மூடி, இல்லையென்றால் கொசு. வாரம் ஒரு தடவை பானையை நிரப்பினால் போதும். பருத்தித் துணி நாளடைவில் இற்றுவிடும், மாற்ற வேண்டும். அந்தக் கோடையில் ஐந்து கன்றுதான் செத்தது.

வீட்டைப் பற்றி அவரை எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவார். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னந்தோப்புகள் தோப்போடு சாய்ந்தன. அப்படி விழுந்த மரத்தை அறுத்துப் போட்டது இரண்டு வருஷம் கழித்தும் மலிவாகக் கிடைத்தது. வண்டி எங்களுடையது, ஆகவே வாடகை இல்லை. சட்டம், கை எல்லாம் தென்னை, 11,000. வாங்கும்போது ஒன்று தெரியவில்லை. தென்னையில் அடிப்பக்கம்தான் வைரம், நுனிப்பக்கம் பஞ்சு. இரண்டு கையை மறுவருஷமே கரையான் தின்றது. மீதிக்கு வண்டியின் பழைய இன்ஜின் ஆயிலை அடித்து வைத்திருக்கிறோம். இடித்த வீட்டுச் செம்பூராங்கல் 6,500, கொத்தனார் கூலி 9,600, பழைய கதவு ஜன்னல் 3,200, சிமென்ட் 2,100, கீற்று 400 எண்ணம் 3,600. மொத்தம் 36,000. ஒரு அறை, ஒரு திண்ணை, ஒரு அடுப்படி.

கூரைச் சரிவு போதவில்லை. புரெவி மழையில் மூன்று நாள் வீட்டுக்குள் குடை பிடிக்காத குறைதான். மகள் மெஷின் மேல் அந்தத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். 1,150 ரூபாய்க்கு நான் பாஸ் போட்டது அதனால்தான்.

கழிப்பறையை உறை இறக்கிக் கட்டினோம், 8,400. வீட்டை முதலில் கட்டாதே, இதை முதலில் கட்டு. பெண்பிள்ளை உள்ள வீட்டில் இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

விதைப்பு இரண்டாம் வருஷம் ஆடியில்தான் தொடங்கியது. பல தானிய விதைப்பு என்று நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அதுதான். தானியம் நாலு, பயறு நாலு, எண்ணெய் வித்து நாலு, மசாலா நாலு, பசுந்தாள் நாலு. எல்லாம் கலந்து விதைத்து, பூ எடுக்கிற பருவத்தில் மடக்கி உழுவது. கம்பு, சோளம், எள், கடுகு, வெந்தயம், கொள்ளு எல்லாம் கடையில் வாங்கியதே முளைத்தது. சணப்பும் தக்கைப்பூண்டும் மட்டும் தேடி வாங்கினேன். "மளிகைக் கடையையே வெதச்சிருக்கா பாரு" என்று ஊர் சிரித்தது. முதல் தடவை முழங்கால் உயரம்கூட வரவில்லை. மூன்றாவது தடவை இடுப்பளவு. வீடியோவில் காட்டுகிற மாதிரி அறுபது நாளில் மண் மாறிவிடவில்லை. எங்களுக்கு மூன்று வருஷம் ஆனது.

இப்போது 25 சென்ட்டில் உளுந்து போடுகிறேன். வம்பனில் பயறு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, எங்கள் மாவட்டம்தான். அங்கே வந்த வம்பன் 8. போன பட்டம் 48 கிலோ. வீட்டு இட்லிக்கு எடுத்தது போக 20 கிலோ விற்றேன். மயில் இல்லாவிட்டால் இன்னும் பத்துக் கிலோ வந்திருக்கும். மயிலை அடிக்கவும் முடியாது, தேசியப் பறவை. பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டினேன். ஒரு வாரம் பயந்தது. அப்புறம் சேலை மேலேயே உட்கார்ந்து அகவுகிறது.

ஆடு பாஸ். புதுக்கோட்டை வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரண்டு பெட்டை 9,000-க்குப் பிடித்தோம். போன வருஷம் மட்டும் பதினோரு உருப்படி விற்று 66,000 வந்தது. ஒரே தொல்லை, கருவேல நெற்றை வெளியில் தின்றுவிட்டு வந்து புழுக்கையில் விதையைப் போட்டுவிடும். மழைக்குப் பிறகு தோட்டம் முழுக்கக் குட்டிக் கருவேலம் முளைத்து நிற்கும். கையால் பிடுங்கி மாளாது. மாடு வாங்கவில்லை. மாடு வாங்கினால் கல்யாணம் காட்சி எதற்கும் போக முடியாது என்பது என் கட்சி. அவருக்கு ஆசை இருக்கிறது, பார்க்கலாம்.

முதல் வருஷக் கணக்கைக் கூட்டினால், டிரம்மும் ஓஸும் 4,300 சேர்த்து, மொத்தச் செலவு 96,150. அதில் ரிஜெக்ட், வலையைக் கழித்துவிட்டால் 16,120. திருப்பூரில் இவ்வளவு ரிஜெக்ட் காட்டியிருந்தால் சூப்பர்வைசர் லைனையே நிறுத்தியிருப்பார். மூன்றும் ஒரே மாதிரித் தப்பு: இங்கே என்ன நடக்கிறது என்று ஒரு சுற்று மழையும் வெயிலும் பார்க்காமல் கடையில் போய் வாங்கியது. அப்பத்தா சொல்லி வந்தது, கேட்டு வாங்கியது, கழிவு என்று கிடந்தது, இவை ஒன்றுகூட ரிஜெக்ட் ஆகவில்லை. நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று, இதைத்தான் நீ முக்கியமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஐந்து வருஷமும் எங்களுக்குச் சோறு போட்டது நிலம் மட்டும் இல்லை. அவர் வண்டி ஓட்டி மாதம் பன்னிரண்டாயிரம், பதினஞ்சாயிரம் கொண்டுவந்தார். நான் ஜாக்கெட், நைட்டி தைத்தேன். ரேஷன் அரிசி இருந்தது. 2023 செப்டம்பரிலிருந்து உரிமைத்தொகை 1,000 வருகிறது. ஊசி மெஷினை விற்கவில்லை என்று சொன்னேன் அல்லவா, தீபாவளி, பொங்கல் மாதங்களில் அது ஆட்டையும் கோழியையும் விட அதிகம் சம்பாதிக்கும். நிலத்தால் என்ன ஆனது என்றால், திருப்பூரில் வாடகை, காய், முட்டை, கறி, தண்ணீர் என்று மாதம் எட்டாயிரம் போனது, இங்கே இரண்டாயிரத்தில் நிற்கிறது. அவ்வளவுதான். பணக்காரர்கள் ஆகிவிடவில்லை. மகள் புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். இதைத் தட்டச்சு செய்வதும் அவள்தான். "அம்மா, நல்லாயிருக்குன்னு ஒரு வரியாவது எழுதும்மா" என்கிறாள்.

போலாமா வேண்டாமா என்று கேட்டாய். தெரியவில்லை தங்கச்சி. தை மாதம் நாலு நாள் லீவு வரும்போது வந்து தங்கிப் பார். குட்டையில் தண்ணீர் இருக்கும், வெயிலும் இருக்காது, எல்லாம் அழகாகத்தான் தெரியும். அதனால் சித்திரையிலும் ஒரு தடவை வா. வரும்போது கட்டிங் வேஸ்ட் ஒரு மூட்டை போட்டுக்கொண்டு வா, நல்ல காட்டனாகப் பார்த்து. பானைத் திரியெல்லாம் இற்றுப்போய்க் கிடக்கிறது.